எந்த மாரி?

புதிதாகச் சீருடை வாங்கியிருக்கும் தம்பிகளே, முதல் வேலையாக அதை ஒரு தடவை துவைத்துப் போடுங்கள். உள்ளே நுழைந்ததும் முதுகு தானாக நிமிர்கிறதே, அதை வீரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது கஞ்சி. இரண்டு மழையில் போய்விடும். அதற்கப்புறம் நிமிர்ந்து நிற்பதுதான் உங்கள் சொந்த முதுகு.

நம் தன்னார்வப் படையில் என்னைவிட நன்றாகச் சுட்டவர்கள் உண்டு. நன்றாக ஓடியவர்கள் எல்லாருமே. ஆனால் வாயால் மாட்டிக்கொண்டு, அதே வாயால் ஓர் உயிரையும் மீட்டவன் நான் ஒருவன்தான். அதனால்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். துப்பாக்கியை எப்படிக் கழற்றி மாட்டுவது என்பதை உங்கள் சார்ஜன்ட் சொல்லித் தருவார். அதைக் கழற்றாமல், மாட்டாமல், சுடாமல் சற்று நேரம் கையில் வைத்திருப்பது எப்படி என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்குச் சினிமா வேனில் வேலை. கூரையில் இரண்டு ஒலிபெருக்கி, உள்ளே நான். மலாக்கா முழுக்கச் சுற்றி, தமிழிலும் மலாயிலும், 'கண்ணீரும் கத்திச் சண்டையும் நிறைந்த குடும்பச் சித்திரம்' என்று கத்துவேன். மழையில் கத்தினால் சொற்கள் நனைந்து தெருவில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் கத்தினால் ஓட்டுக்கூரை மேல் அப்பளம் போலப் பொரியும். எந்தச் சந்தில் என் குரல் எத்தனை தடவை எதிரொலிக்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

ஒரு நாள் சினிமாக்காரருக்குப் பதிலாக அரசாங்கம் வேனை எடுத்தது. நீரிணைக்கு அந்தப் பக்கத்து நாட்டோடு மோதல் முற்றியிருந்த நேரம். கடல் தாண்டி ஆயுதத்தோடு ஆள் வந்து இறங்குகிறது என்று பேச்சு. தன்னார்வப் படைக்கு இளைஞர்கள் வேண்டும். எழுதிக் கொடுத்த தாளில் நான் கொஞ்சம் மசாலா சேர்த்தேன். 'தாய்நாடு கூப்பிடுகிறது! சிங்கக் குட்டிகளே, எங்கே உறங்குகிறீர்கள்?' செமாபோக்கில் ஆரம்பித்துக் கிளேபாங் வரை ஒரு பகல் முழுக்க இதே கத்தல். மாலையில் கஜா பெராங்கில் எங்கள் சந்துக்குள் வேன் திரும்பியபோது தொண்டை கட்டியிருந்தது, ரத்தம் கொதித்தது. அன்றைய விளம்பரத்தில் முழுசாக மயங்கிய ஒரே ஆள் நான்தான்.

மறுநாள் பதிவு செய்யும் இடத்தில் போய் நின்றேன். வரிசையில் எல்லாம் மீசை அரும்பும் பிள்ளைகள். எனக்கு முப்பத்தெட்டு.

மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன்ட் நிமிர்ந்து பார்த்தார். "மகனைச் சேர்க்க வந்தீங்களா?"

"என்னைச் சேர்க்க."

அவர் பார்வை என் முகத்திலிருந்து மெதுவாகக் கீழே இறங்கி வயிற்றில் தங்கியது. "இதையுமா?"

ஆள் பற்றாக்குறை. சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: ஆண்டு முகாம் முடியும்போது என் பிரிவுத் தலைவரான கோப்ரல் சரி என்று சொன்னால்தான் நான் நிலைப்பேன். இல்லையென்றால் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேனுக்குப் போகலாம்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஊரு நம்பணும்னுதானே ஒங்களுக்குச் சம்பளம் கொடுத்தாங்க? நீங்க எதுக்குலா நம்புனீங்க?"



சீருடை போட்ட முதல் காலையில் வாசலில் பால்காரன் மாரி நின்றுகொண்டிருந்தான். கிளேபாங்கில் தென்னந்தோப்புக்குள் மாடு வைத்து, சைக்கிளில் எங்கள் சந்துக்குப் பால் கொண்டுவருபவன். ஒல்லி, பெரிய குரல். என்னைப் பார்த்ததும் பால் அளக்கிற குவளை அந்தரத்தில் நின்றது. "அண்ணே, புதுப் படமா? நீங்கதான் கதாநாயகனோட அப்பாவா?"

"அவரு இருக்கட்டும்," என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி. "நேத்துப் பால்ல மீனு நீந்துச்சு மாரி."

"அம்மன் மேல சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலக்கா!"

இது தினசரிப் பூசை. அவள் தண்ணீர் என்பாள், அவன் சத்தியம் என்பான். நான் எப்போதும் மாரி பக்கம். "உழைக்கிறவன்மேல சந்தேகப்படாதே" என்று மனைவிக்குப் புத்தி சொல்லிவிட்டு, அந்த நீல நிறப் பாலில் போட்ட தேநீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு வேனுக்குப் போவேன்.

என் கோப்ரலைப் பற்றிச் சொல்லவேண்டும். மலாக்கா செட்டி வீட்டுப் பிள்ளை, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வேர்விட்ட தமிழ் வம்சம். எங்கள் சந்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர்கள் கம்பம், அதாவது குடியிருப்பு. வயது இருபத்திரண்டோ மூன்றோ. நெற்றியில் திருநீறு, பெயர் தமிழ்ப் பெயர், பேச்சு முழுக்க அவர்கள் வீட்டு மலாய். தமிழில் அவனுக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் சில பலகாரங்களும். என்னைப் 'பாக்சிக்' என்பான், அதாவது சித்தப்பா. நான் அவனைக் 'கோப்ரல்' என்பேன். அவன் மலாயில் சொன்னதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவன் சொன்னதில் இருந்த மிடுக்கு பாதிதான் வரும்.

அணிவகுப்புக் கட்டளைகள் ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறியிருந்த சமயம். எனக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு என்று பீற்றிக்கொண்டேன். மீன் பசாரில் கற்ற மலாய். முதல் நாள், உச்சி வெயில். கோப்ரல் "செனாங் டிரி!" என்று கத்தினான். செனாங் என்றால் சௌகரியம். டிரி என்றால் தான். சௌகரியமாக இரு என்கிறான், நல்ல பிள்ளை. புல்தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தினேன். சுற்றிலும் வரிசை முழுக்கக் காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டி, மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

கோப்ரல் என்னைக் குனிந்து பார்த்தான். "பாக்சிக், தலையணை கொண்டுவரச் சொல்லவா?"

அதற்கு நான் பதில் சொன்னேன். அதுதான் தப்பு. வரிசையில் நிற்பவன் பதில் சொல்லக்கூடாதாம். பதில் சொன்னதற்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடினேன். ஓடிக்கொண்டே வெயிலைப் பற்றி ஒரு கருத்து சொன்னேன். இன்னொரு சுற்று.

என் வியாதி அது. காதில் விழுவதும் கண்ணில் படுவதும் எனக்குள் தங்காது, உடனே வாய்க்கு வந்துவிடும். அது சம்பளம் வாங்கித் தந்த வியாதி வேறு.

முகாமின் முதல் வாரம் புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பதுங்கிப் பிடிக்கும் பயிற்சி. எதிரியாக நடிக்கும் பிரிவு வரும்வரை மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கவேண்டும். என் சட்டைக்குள் எறும்புகள் தனியாக ஒரு முகாம் போட்டிருந்தன. பொறுத்துக்கொண்டேன். அப்போது சூரியன் ஏறியது. ரப்பர்ப் பால் வடிய மரத்துக்கு மரம் கட்டியிருந்த கிண்ணங்களில் வெளிச்சம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. காடு முழுக்கச் சின்னச் சின்ன நிலாக்கள் விழித்துக்கொண்ட மாதிரி.

"ஆகா!" என்றேன்.

உரக்க. வேன் குரலில்.

எதிரிகள் பின்பக்கமாக வந்து எங்கள் அத்தனை பேரையும் சுட்டார்கள், பொய்த் தோட்டாவால். கோப்ரல் எழுந்து முழங்காலில் ஒட்டிய சருகைத் தட்டினான். "பாக்சிக், இப்ப நிஜமா இருந்தா இந்தப் பிள்ளைங்க எல்லாம் செத்தாச்சு. எதுக்காக? ரப்பர் பாலுக்காக." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் துக்கமாகச் சொன்னான். "கேப்டன்கிட்ட சொல்லிட்டேன். காவல்ல இனி உத்தரவில்லாம ஒரு வார்த்தை பேசினா நீங்க சமையல் கூடாரத்துக்கு. முகாம் முடிஞ்சதும் வீட்டுக்கு."

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. தம்பிகளே, சிரிக்காதீர்கள். சந்து முழுக்க நான் படைவீரன் என்று தெரியும், போகிற தெருவெல்லாம் நானே அறிவித்திருந்தேன். ஆனால் அவமானம் மட்டும் காரணமில்லை. முப்பத்தெட்டு வருஷம் என் குரல் தனியாகவே ஊர் சுற்றியது. அந்த வரிசையில், இடது பக்கம் ஒரு தோள், வலது பக்கம் ஒரு தோள், நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு நடந்த சில நிமிஷங்களில், முதல் முறையாக யாரோடோ சேர்ந்து ஒரே வாக்கியத்தில் இருப்பதுபோல் இருந்தது. அதை இழக்க மனமில்லை.

வாயைத் தைத்துக்கொண்டேன். சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் எங்களை நிஜக் காவலுக்குக் கிளேபாங் கடற்கரையில் போட்டார்கள். நிஜத் தோட்டா. இருட்டிலிருந்து சூரியன் வரும்வரை கடற்கரையில் யாரும் நடமாடக்கூடாது என்று உத்தரவு. அந்த உத்தரவையும் ஊருக்கு அறிவித்தது ஒரு வேன்தான். நான் முகாமில் இருந்ததால் வேறு ஆள் கத்தினான். அவன் குரல் தென்னந்தோப்புவரை எட்டவில்லை என்று பின்னால் தெரிந்தது.

விடிகிற நேரம். கடல் வற்றி, சேறு வெகுதூரம் பளபளத்துக் கிடந்தது. தூறல். கடல் எது, வானம் எது என்று பிரிக்கமுடியாத ஒரு சாம்பல் நிறம். சொல்வதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. சொல்லவில்லை. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் கோப்ரல், அவன் பக்கத்தில் நான், அப்பால் பையன்கள்.

சேற்றில் சளக் சளக் என்று சத்தம்.

சாம்பலுக்குள்ளிருந்து ஒரு கறுப்பு உருவம் வந்தது. கடல் பக்கமிருந்து. அதற்குப் பின்னால் தள்ளி இன்னொன்று, பெரிதாக, உருத்தெரியாமல் அசைந்தது.

"பெர்ஹென்டி! சியாப்பா?" கோப்ரலின் குரல் சுத்தமாக இருந்தது. நில், யார் அது.

உருவம் நின்றது. காற்று எங்களிடமிருந்து கடலுக்கு அடித்தது. அவன் பதில் காற்றை எதிர்த்து வரவேண்டும். பாதி சொல் சேற்றில் விழுந்தது. மிச்சம் வந்தது.

"...மாரி!"

கோப்ரலின் முகம் மாறியதைப் பார்த்தேன். உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மலாயில் மாரி என்றால் 'வா'. கடல் தாண்டி வரும் எதிரி பேசுவதும் அதே மலாய்தான்.

"சியாப்பா?" மறுபடியும்.

"மாரி! மாரி லா!" இப்போது அலறலாகவே வந்தது. உருவம் ஒரு கையைத் தூக்கி வீசியது. பின்னால் இருந்த பெரிய கறுப்பு முன்னால் நகர்ந்தது.

கோப்ரல் காதில் விழுந்தது இது: ஒருவன் கரையேறிவிட்டான், படகில் இருப்பவர்களை வா, சீக்கிரம் வா என்று கூப்பிடுகிறான். அவன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் விழும். வரிசையாகத் துப்பாக்கிப் பூட்டு விலகும் ஓசை கேட்டது. கோப்ரல் கையைத் தூக்கினான். அந்தக் கை கீழே வந்தால் சுடவேண்டும்.

என் காதில் விழுந்தது வேறு. யார் என்று கேட்டதற்கு ஒருவன் பெயர் சொல்கிறான். பயந்தவன் பெயரைத்தான் சொல்வான், இன்னும் பயந்தால் இன்னும் உரக்கச் சொல்வான்.

ஆனால் தம்பிகளே, இங்கேதான் நிற்கவேண்டும். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அந்த ஒலி இரண்டுக்கும் பொது. என் காது தமிழ்க் காது என்பதாலேயே அது தமிழ்ச் சொல்லாகிவிடுமா? நான் தப்பாக இருந்தால் இந்தப் பையன்கள் போனார்கள், இந்த முறை ரப்பர் பாலுக்காக இல்லை. கோப்ரல் தப்பாக இருந்தால் சேற்றில் ஒருவன் போனான். நான் பேசினால் எங்கள் இடம் தெரிந்துவிடும், என் இடமும் போய்விடும். பேசாவிட்டால் ஒன்றும் போகாது, அவனைத் தவிர.

எழுந்து நின்றேன். வேன் குரலை நெஞ்சின் அடியிலிருந்து எடுத்தேன்.

"எந்த மாரி?"

சத்தம் சேற்றின் மேல் ஓடிப் போய்த் திரும்பி வந்தது. கோப்ரல் என் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தான். கை மட்டும் தூக்கியபடியே இருந்தது.

"எந்த மாரியா? பால்கார மாரி! சுட்டுறாதீங்க!"

"என்ன சொல்றான்?" கோப்ரல் பல்லுக்கிடையில் கேட்டான்.

"தமிழன். பால்காரன். எனக்குத் தெரிஞ்சவன்."

"மேடான்லயும் தமிழன் இருக்கான் பாக்சிக். அங்கேயும் பால் இருக்கு."

மேடான் நீரிணைக்கு அந்தப் பக்கத்து ஊர். அவன் சொன்னது நியாயம். அந்த வயதில், அந்தப் பதற்றத்தில், அந்த நியாயம் அவனுக்குத் தோன்றியதே என்று இன்றும் வியக்கிறேன். தெரிந்த பாஷை என்பதற்காக ஒருவனை நம்பிவிடக்கூடாது. குரல் பழகிய குரல்தானா என்றால், பயம் எல்லாருடைய குரலையும் ஒன்றாக்கிவிடுகிறது. தயார் செய்துகொண்டு வரமுடியாத ஒரு பதில் வேண்டும். கோப்ரலின் கை இன்னும் மேலேயே இருந்தது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"பால்ல தண்ணி ஊத்துவியா?"

 பிறகு, உயிர்ப் பயத்தையெல்லாம் தள்ளிவிட்டுக்கொண்டு, மானம் போன மனிதனின் கத்தல்:

"அம்மன் மேல சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலண்ணே!"

"சுடாதீங்க கோப்ரல்," என்றேன். "அவனேதான். பொய் சொல்றான்."

கை இறங்கியது. விழவில்லை, மெதுவாக, ஒரு குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் இறங்கியது. அதே நேரத்தில் பின்னால் இருந்த பெரிய கறுப்பு கழுத்தை நீட்டி, ஊரே கேட்க, "ம்மா" என்றது. கயிறு அறுத்துக்கொண்டு சேற்றுக்குள் போன பசு. அதைத் தேடித்தான் மாரி இருட்டோடு இறங்கியிருக்கிறான்.

கிட்டே வந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டான். முழங்கால் வரை சேறு, பல் தந்தியடித்தது. அந்த நிலையிலும், "அண்ணே, அத்தன துப்பாக்கி முன்னால கேக்குற கேள்வியா அது?" என்றான்.

கேப்டன் விசாரித்தார். கோப்ரல் நடந்ததை நடந்தபடி சொன்னான். உத்தரவில்லாமல் பேசினார், எழுந்து நின்று இடத்தைக் காட்டினார், ஓர் உயிர் பிழைத்தது. எதையும் கூட்டவில்லை, எனக்காக ஒன்றையும் குறைக்கவும் இல்லை.

கேப்டன் என்னைப் பார்த்தார். "நீ செய்தது சரி. சமையல் கூடாரத்துக்குப் போ."

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பாராட்டும் தண்டனையும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வரலாம். ஒன்று இன்னொன்றை ரத்து செய்யாது. சரியானதைச் செய்தால் வெங்காயம் உரிக்க வேண்டியிருக்காது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

மத்தியானம் நான் வெங்காயத்தோடு அழுதுகொண்டிருந்தபோது கோப்ரல் வந்தான். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தான். கூடாரத் துணியில் தூறல் விடாமல் பொடிப்பொடியாகத் தட்டியது.

"பாக்சிக், மாரின்னா அவன் பேரா?"

"ஆமாம். உங்க கோயில் அம்மன் பேருதான்."

அவன் ஒரு வெங்காயத்தை எடுத்துக் கையில் உருட்டினான். "எங்க வீட்ல பால்குடம் எடுக்கும்போது எல்லாரும் சாமியப் பாத்து 'மாரி, மாரி'ன்னு கூப்பிடுவோம். சின்னப் பிள்ளையிலேருந்து நானும் கூப்பிடுறேன். சாமிய 'வா, வா'ன்னு அழைக்கிறோம்னுதான் நெனச்சேன்." திருநீறு வியர்வையில் கரைந்திருந்த நெற்றியைத் தேய்த்தான். "இன்னிக்குக் காலையில அதே சொல்லுக்குக் கையத் தூக்கிட்டேன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"பேருக்கு என்ன அர்த்தம்?" என்றான்.

"மழை."

அவன் கூடாரத்துக்கு வெளியே கையை நீட்டினான், காலையில் தூக்கிய அதே கை. தூறல் உள்ளங்கையில் சேரும்வரை வைத்திருந்தான். "அப்ப நான் கூப்பிட்டதும் தப்பில்ல," என்றான். "வந்திருக்கே."

எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்தான். "முகாம் முடியறவரைக்கும் வெங்காயம்தான். அதுக்கப்புறம் என் பிரிவுல, என் பக்கத்துல. ஆனா ரப்பர்த் தோட்டத்துக்கு உங்களக் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

மறுநாள் மாரி முகாமுக்கு ஒரு பெரிய தூக்கு நிறையப் பால் கொண்டுவந்து சமையல் கூடாரத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போனான். அதில் நான் தேநீர் போட்டேன். கெட்டியாக, மஞ்சளாக, ஆடை கட்டியது. பையன்கள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். பால் கெட்டுப்போயிருக்கிறது என்று புகார் வந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

அப்புறம் எங்கள் பிரிவில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. காவலில் எவன் என்ன பதில் சொன்னாலும் அவசரப்படாமல் இன்னொரு கேள்வி. அதற்குப் பையன்கள் வைத்த பெயர் 'எந்த மாரி'. தமிழே தெரியாத மலாய்ப் பையன்களும் சீனப் பையன்களும்கூட, "எந்த மாரி கேட்டாச்சா?" என்பார்கள். எனக்கு வயதாகி, படை என் சீருடையைத் திருப்பி வாங்கும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் கட்டளைப் புத்தகத்திலும் அது ஏறவில்லை. நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளுங்கள். முதல் பதில் உங்கள் காதுக்கு ஏற்றபடி கேட்கும். இரண்டாவது பதிலில்தான் எதிரே நிற்கும் ஆள் இருப்பான்.

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னேன் என்றால், மனைவிக்கும் பக்கத்து வீடுகளுக்கும். கடற்கரை, சேறு, தூக்கிய கை. அவள் கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இருங்க," என்றாள். "அவன் சத்தியம் பண்ணதும் பொய்யின்னு ஒங்களுக்கு ஒடனே தெரிஞ்சிருச்சு."

"ஆமாம்."

"அப்ப இத்தன வருஷமா தண்ணி ஊத்துறான்னு தெரிஞ்சுதான் எங்கிட்ட சண்ட போட்டீங்க."

கேப்டனின் விசாரணை எவ்வளவோ மேல்.

மறுநாள் விடிகாலை வாசலில் சைக்கிள் மணி அடித்தது. "அக்கா! மாரி!"

என் மனைவி கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே கேட்டாள். "எந்த மாரி?"

வெளியே சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடும் சத்தம். "தண்ணி ஊத்தாத மாரிக்கா."

"அப்படி ஒருத்தன் இந்தக் கம்பத்துல இல்ல," என்றாள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனவள்.